வன்னியில் மனவடுவை எந்த அளவுகோலால் அளப்பது? நோயறிதல் நிபந்தனைகளை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உளவளத்துணை வேலை செய்யும் எவரும் ஒரு நாள் இந்தக் குழப்பத்துக்கு வந்து சேர்வார். ஒருவருடைய கிளினிக் புத்தகத்தில் ‘மனச்சோர்வு’ என்று எழுதியிருக்கும். சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு கணக்கெடுப்பில் அதே ஆளுக்கு பி.ரி.எஸ்.டி., அதாவது நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய், இருப்பதாகப் புள்ளி விழுந்திருக்கும். வேறொரு மருத்துவரோ ‘சிக்கலான பி.ரி.எஸ்.டி.’ என்று எழுதியிருப்பார். குடும்பத்தினர் மூன்று தாள்களையும் நம் முன் நீட்டி, “இதில் எது உண்மை?” என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் மூன்றுமே பிழையில்லை. எழுதியவர்கள் வேறு வேறு நோயறிதல் நூல்களைப் பின்பற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே “இவருக்கு பி.ரி.எஸ்.டி. இருக்கிறதா?” என்று கேட்பதற்கு முன் “எந்த நூலின்படி?” என்று கேட்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக ஏற்படுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. உளவளத்துணையாளர்கள், உளசமூகப் பணியாளர்கள், இத்துறையில் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவர்களும் வாசிக்கலாம். நோயை உறுதிசெய்வது உளநல மருத்துவரின் பொறுப்பு. நாம் செய்வது ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக எழுதி, சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பது.

தொடங்குவதற்கு முன் ஒன்று. பி.ரி.எஸ்.டி.க்கான எந்தப் பட்டியலிலும் தற்கொலை எண்ணம் ஒரு தனி அறிகுறியாக இல்லை. பட்டியலை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் அந்தக் கேள்வி விடுபட்டுவிடும். அதை முதலிலேயே கேளுங்கள். “வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா?” என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. ஆம் என்றால் ஒப்பீடு எல்லாம் பிறகு. அவரைத் தனியே விடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926.

முதற்படி: எந்தெந்த நூல்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்று புழக்கத்தில் இருப்பவை இரண்டு மரபுகள். ஒன்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளநோய்க் கையேடான டி.எஸ்.எம். மற்றையது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.

பி.ரி.எஸ்.டி. என்ற பெயர் அதிகாரபூர்வமாக நுழைந்தது 1980 இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-3 இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலை அதற்கு ஒரு பெரிய காரணம். சாதாரண மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வினால் வருவது என்று அக்கால நூல்கள் விளக்கின. தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்த ஊர்களில் எது சாதாரணம், எது அப்பாற்பட்டது என்று யார் தீர்மானிப்பது? வன்னியில் மட்டுமல்ல, உலகத்தின் பல இடங்களிலும் அந்த வரையறை பொருந்தவில்லை. 1994 இல் வந்த நான்காம் பதிப்பு அதைக் கைவிட்டது. ஆனால் அது வேறொரு நிபந்தனையைச் சேர்த்தது. நிகழ்வின்போது அந்த நபர் கடும் பயத்தையோ கையறு நிலையையோ திகிலையோ உணர்ந்திருக்க வேண்டும் என்றது. 2013 இல் டி.எஸ்.எம்.-5 அதையும் நீக்கியது. ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு தாயிடம் அப்போது என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் உணரவில்லை, ஓடினேன் என்பார். உணராததால் நோய் இல்லை என்றாகிவிடாது. அந்த நீக்கம் மிகவும் சரியான முடிவு. 2022 இல் வந்த திருத்தப் பதிப்பு வயதுவந்தோருக்கான நிபந்தனைகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை.

ஐ.சி.டி.-10 தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. அதில் பி.ரி.எஸ்.டி.யின் குறியீடு எஃப் 43.1. ஐ.சி.டி.-11 ஐ உலக சுகாதார மாநாடு 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பி.ரி.எஸ்.டி.க்கு 6பி40, சிக்கலான பி.ரி.எஸ்.டி.க்கு 6பி41 என்பவை அதன் குறியீடுகள். பழைய கிளினிக் பதிவில் எஃப் 43.1 என்று கண்டால் அதை எழுதியவர் ஐ.சி.டி.-10 ஐப் பின்பற்றியிருக்கிறார் என்று அறியுங்கள். அந்தக் குறியீட்டைப் பார்க்கும் ஒரு செயலே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டாம் படி: நிகழ்வு என்ற வாசல்

எல்லா நூல்களிலும் முதலில் கடக்க வேண்டியது நிகழ்வு. அது இல்லாமல் மற்ற அறிகுறிகள் அத்தனையும் இருந்தாலும் பி.ரி.எஸ்.டி. என்று எழுத முடியாது.

டி.எஸ்.எம்.-5 இதில் கறாரானது. மரணம் அல்லது மரண அச்சுறுத்தல், கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுள் ஒன்று இருக்க வேண்டும். அதை ஒருவர் எதிர்கொள்ளக்கூடிய வழிகள் நான்கு: தனக்கே நேர்வது, பிறருக்கு நேர்வதை நேரில் பார்ப்பது, நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ நேர்ந்ததை அறிவது, தொழில் காரணமாக அத்தகைய கொடூரங்களின் விவரங்களை மீண்டும் மீண்டும் சந்திப்பது. மூன்றாம் வழியில் மரணம் பற்றிய செய்தி என்றால் அது வன்முறையாலோ விபத்தாலோ நேர்ந்த மரணமாக இருக்க வேண்டும். நான்காம் வழியில் தொலைக்காட்சியிலோ இணையத்திலோ பார்த்தது சேராது, அது வேலையின் பகுதியாக இருந்தாலன்றி. போரின் இறுதிக்கட்டமான 2009 இன் காணொளிகளைக் கனடாவில் இருந்து பார்த்துப் பார்த்து உறக்கம் இழந்த உறவினர் இந்த வாசலில் நின்றுவிடுவார். தன் தம்பி ஷெல்லடியில் இறந்ததைத் தொலைபேசியில் கேட்டவர் உள்ளே வருவார்.

ஐ.சி.டி.-11 சற்றுத் தளர்வானது. மிகக் கடுமையான அச்சுறுத்தலான அல்லது கொடூரமான நிகழ்வு, அல்லது அத்தகைய நிகழ்வுகளின் தொடர் என்று மட்டும் சொல்லி, மீதியை மருத்துவரின் மதிப்பீட்டுக்கு விடுகிறது. அன்புக்குரியவர் திடீரென இறந்ததை அறிவதும் அதன் உதாரணங்களுக்குள் அடங்கும்.

நம் படிவங்களில் நிகழ்வு என்ற இடத்தில் ‘இடப்பெயர்வு’ என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது போதாது. வீடு இழந்தது, காணி இழந்தது, முகாமில் வரிசையில் நின்றது ஆகியவை துன்பம்தான், ஆனால் டி.எஸ்.எம்.-5 இன் வாசலை அவை தாமாகக் கடப்பதில்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நீண்ட அந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதே நமக்குத் தேவை. அதற்காகக் கதை முழுவதையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. “அந்த நாட்களில் உங்களை இன்னும் விடாமல் பிடித்திருப்பது எது?” என்ற ஒரு கேள்வி போதும். ஒற்றை வரியில் சொன்னாலும் அது வாசலைக் கடக்கப் போதுமானது.

இன்னொரு பக்கம், நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்பவர்களால் நெஞ்சு படபடத்து உறக்கம் இழந்த பெண்கள் நம்மிடம் வருகிறார்கள். போரின் அறிகுறிகளைப் போலவே தோன்றும். அந்தக் கடனை மட்டும் நிகழ்வாக வைத்து பி.ரி.எஸ்.டி. என்று எழுத முடியாது. பொருந்திப்போதல் சார்ந்த சிக்கலாகவோ மனச்சோர்வாகவோ பதகளிப்பாகவோ (ஓயாத பதற்றமாகவோ) இருக்கலாம். அவருக்கு வேண்டிய உதவியில் கடன் ஆலோசனையும் ஒரு பகுதி என்பதை அந்த வேறுபாடு நமக்குக் காட்டுகிறது.

மூன்றாம் படி: கொப்பியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு சி.ஆர். கொப்பியின் இரு பக்கங்களை விரித்து, இடப்பக்கம் டி.எஸ்.எம்.-5, வலப்பக்கம் ஐ.சி.டி.-11 என்று எழுதுங்கள்.

இடப்பக்கத்தில் இருபது அறிகுறிகள் நான்கு தொகுதிகளாக வரும்.

முதலாவது, ஊடுருவல். வேண்டாமலே வரும் நினைவுகள், கெட்ட கனவுகள், நிகழ்வு மீண்டும் நடப்பது போன்ற நிலை, நினைவூட்டும் பொருள்களால் மனத்தில் எழும் வேதனை, அவற்றால் உடலில் எழும் பதற்றம் என ஐந்து. ஒன்று இருந்தால் போதும்.

இரண்டாவது, தவிர்த்தல். உள்ளே எழும் நினைவுகளைத் தவிர்ப்பது, வெளியே உள்ள இடம், ஆள், பேச்சு ஆகியவற்றைத் தவிர்ப்பது என இரண்டு. ஒன்று போதும்.

மூன்றாவது, எண்ணத்திலும் மனநிலையிலும் ஏற்படும் எதிர்மறை மாற்றங்கள். நிகழ்வின் முக்கிய பகுதி ஞாபகத்தில் இல்லாமை, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் கெட்ட நம்பிக்கைகள், தன்னையோ பிறரையோ தவறாகக் குற்றஞ்சாட்டுவது, பயமோ குற்ற உணர்வோ வெட்கமோ நீங்காமல் நிற்பது, ஈடுபாடு குறைவது, பிறரிடமிருந்து விலகிப்போன உணர்வு, மகிழ்ச்சியை உணர முடியாமை என ஏழு. இரண்டு வேண்டும்.

நான்காவது, மிகைவிழிப்பு. எரிச்சலும் ஆத்திரமும், தனக்குத் தீங்கு தேடும் துணிச்சல், எப்போதும் உஷாராக இருப்பது, திடுக்கிடல், கவனம் குவியாமை, உறக்கக் கேடு என ஆறு. இரண்டு வேண்டும்.

இவற்றை எத்தனை விதமாகச் சேர்த்தால் நோயாகும் என்று கணக்கிட்டால் 6,36,120 சேர்க்கைகள் வருகின்றன. முந்தைய டி.எஸ்.எம்.-4 இன் பதினேழு அறிகுறிகளில் அது 79,794 ஆக இருந்தது. அதாவது ஒரே பெயரைப் பெற்ற இருவரின் அறிகுறிகள் ஏறக்குறைய முழுவதும் வேறாக இருக்க முடியும். “அந்த அக்காவுக்கும் இதே நோய்தானே, அவருக்குக் கொடுத்த மருந்து எனக்கு ஏன் சரிவரவில்லை?” என்று கேட்பவர்களுக்கு இந்த எண் ஒரு பதில்.

வலப்பக்கத்தில் ஐ.சி.டி.-11. அங்கே மூன்றே தொகுதிகள்: நிகழ்வை இப்போது நடப்பதாக மீண்டும் அனுபவிப்பது, அதன் நினைவுகளையும் நினைவூட்டுபவற்றையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற உணர்வு, அது உஷாராகவோ திடுக்கிடலாகவோ வெளிப்படுவது. மூன்றும் இருக்க வேண்டும். மனச்சோர்விலும் பதகளிப்பிலும் காணப்படும் பொதுவான அறிகுறிகளை வேண்டுமென்றே வெளியே விட்டிருக்கிறார்கள். உறக்கமின்மை, கவனக்குறைவு, எரிச்சல் எல்லாம் இங்கே எண்ணிக்கையில் வருவதில்லை.

இந்த மூன்றுக்கும் மேலாக, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமை, தான் தோற்றுப்போனவன், மதிப்பற்றவள் என்ற ஆழமான எண்ணம், உறவுகளைத் தக்கவைக்க முடியாமை ஆகிய மூன்றும் நீடித்து இருந்தால் அது சிக்கலான பி.ரி.எஸ்.டி. ஒருவருக்கு இரண்டையும் சேர்த்து எழுதுவதில்லை. சிக்கலானது பொருந்தினால் அது மட்டுமே. பெரும்பாலும் தப்பிக்க முடியாத, நீண்ட, திரும்பத் திரும்ப நேர்ந்த கொடுமைகளுக்குப் பின் இது வருகிறது. டி.எஸ்.எம்.-5 இல் இப்படி ஒரு தனி நோய் கிடையாது. அங்கே தன்னிலிருந்து தான் பிரிந்து நிற்பது போன்ற, அல்லது உலகம் உண்மையற்றதாகத் தோன்றும் உணர்வுள்ளோருக்கு ஒரு துணைவகை மட்டும் இருக்கிறது.

ஐ.சி.டி.-10 ஐ மூன்றாவதாக எழுத வேண்டியதில்லை. பழைய பதிவுகளை வாசிக்க ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதில் நிகழ்வு திரும்பத் திரும்ப நினைவிலோ கனவிலோ வருவதுதான் கட்டாயம். தவிர்த்தலும் மிகைவிழிப்பும் பொதுவாக இருக்கும் என்று சொல்லப்பட்டிருந்தாலும் மருத்துவ வழிகாட்டலின்படி அவை இன்றியமையாதவை அல்ல.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை எளிதில் விளங்கவைக்கலாம்: ஐ.சி.டி.-10 கண் சிறிய வலை, பலரையும் பிடிக்கும், ஐ.சி.டி.-11 கண் பெரிய வலை, குறிப்பிட்ட சிலரே தங்குவார்கள்.

நான்காம் படி: ‘இப்போது’ என்பதைக் கேட்டறிவது

இரு நூல்களும் பிரியும் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டி.எஸ்.எம்.-5 க்கு வேண்டாத நினைவு அடிக்கடி வந்து வேதனை தந்தால் போதும். ஐ.சி.டி.-11 க்கு அந்த நினைவில் ‘இங்கே, இப்போது’ என்ற தன்மை இருக்க வேண்டும். கடந்ததைக் கடந்ததாக நினைத்து அழுவது அதில் சேராது. “ஒவ்வொரு நாளும் கண்முன்னே நிற்கிறது” என்று ஒரு அம்மா சொல்கிறார். இதை வைத்து எந்தப் பக்கத்தில் குறியிடுவது? மேலும் கேட்க வேண்டும்.

“அம்மா, அது வரும்போது நீங்கள் இந்தத் திண்ணையில்தான் இருக்கிறீர்கள் என்று தெரியுமா, அல்லது அந்த இடத்துக்கே போய்விடுகிறீர்களா?” “சத்தம் கேட்கிறதா? மணம் வருகிறதா?” “யாராவது கூப்பிட்டால் கேட்குமா?” “அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்கிறது?”

ஒருவர் சொல்வார், அடுப்பில் இறைச்சி கருகும் வாடை வந்தால் பங்கருக்குள் இருப்பதாகவே தெரிகிறது, கையில் இருந்த சட்டியைப் போட்டுவிட்டு மகளைத் தேடி ஓடுகிறேன், ஓடிய பிறகுதான் மகள் பள்ளிக்கூடத்தில் என்று உறைக்கிறது என்று. அது இரண்டு பக்கத்திலும் குறியிட வேண்டியது. இன்னொருவர், மாலையில் படலையைச் சாத்தும்போது மகனின் நினைவு வரும், அழுகை வரும், பிறகு விளக்கேற்றப் போய்விடுவேன் என்பார். அது இடப்பக்கத்தில் ஊடுருவும் நினைவாக இருக்கலாம், வலப்பக்கத்தில் இடமில்லை. கனவுகளையும் இப்படியே கேளுங்கள். நிகழ்வையே காட்டும் துலக்கமான கனவு என்றால் ஐ.சி.டி.-11 ஏற்கும். இறந்த தகப்பன் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கும் கனவு அதில் அடங்காது. அது பலருக்கு ஆறுதலாகவும் இருக்கிறது; நோய் அறிகுறியாக எழுதிவிடாதீர்கள்.

உடல் முறைப்பாடுகளை மறக்கக் கூடாது. நம் மக்கள் முதலில் சொல்வது தலையிடி, நெஞ்சு இறுக்கம், பெருமூச்சு, உடம்பு உளைவு ஆகியவற்றைத்தான். எந்த நூலின் மையப் பட்டியலிலும் இவை நேரடியாக இல்லை. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் நெஞ்சு இறுகினால் டி.எஸ்.எம்.-5 இன் ஐந்தாவது ஊடுருவல் அறிகுறியில் சேர்க்கலாம். எப்போதும் இருக்கும் தலையிடியைச் சேர்க்க முடியாது. முதலில் குருதி அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் ஷெல் துண்டு இன்னும் இருக்கும் ஒருவரின் கவனக்குறைவுக்கும், கசிப்பு குடிப்பவரின் உறக்கக் கேட்டுக்கும் இதே எச்சரிக்கை. வேறு நோயாலோ போதைப் பொருளாலோ வருவதை விலக்க வேண்டும் என்று டி.எஸ்.எம்.-5 தெளிவாகவே சொல்கிறது.

ஐந்தாம் படி: காலம்

டி.எஸ்.எம்.-5 இல் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஐ.சி.டி.-11 குறைந்தது சில வாரங்கள் என்கிறது. 2009 ஐப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டுக்குப் பெரிய வேலை இல்லை. கடந்த வாரம் வீதி விபத்தையோ யானைத் தாக்குதலையோ கண்டவருக்கு உண்டு. முதல் நாட்களின் கலக்கத்தை ஐ.சி.டி.-11 நோயாகவே கருதுவதில்லை, டி.எஸ்.எம்.-5 மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை கடுமையான நெருக்கீட்டு நோய் என்ற வேறு பெயரை வைத்திருக்கிறது.

நமக்கு முக்கியமானது தாமதமாகத் தொடங்குவது. போரில் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் இருந்த காலமெல்லாம் தாக்குப்பிடித்து, மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, பிள்ளை பரீட்சை எழுதி முடித்த பிறகு உடைந்துபோனவர்களை நாம் அறிவோம். செய்ய வேண்டிய வேலை இருந்தவரை நின்றார்கள். ஐ.சி.டி.-10 பொதுவாக ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்றது. பிந்தினால் ‘இருக்கக்கூடும்’ என்ற அளவில் மட்டும் எழுத அனுமதித்தது. டி.எஸ்.எம்.-5 ஆறு மாதத்துக்குப் பிறகு நிபந்தனைகள் முழுமையடைந்தால் ‘தாமதமான வெளிப்பாடு’ என்று குறிக்கிறது. ஐ.சி.டி.-11, வழக்கமாக மூன்று மாதத்துக்குள் தொடங்கினாலும் ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்று ஏற்கிறது. ஒருவரின் விண்ணப்பமோ கோரிக்கையோ “இவ்வளவு காலம் நன்றாகத்தானே இருந்தார்” என்று மறுக்கப்பட்டால், எந்த நூலை வைத்து மறுத்தார்கள் என்று பாருங்கள்.

ஆண்டுதோறும், போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது அறிகுறிகள் கூடுவதையும் கொப்பியில் எழுதுங்கள். மே மாதத்தில் நிரப்பிய படிவமும் தை மாதத்தில் நிரப்பியதும் ஒரே ஆளுக்கு வேறு முடிவு தரலாம்.

ஆறாம் படி: உஷாரா, அறிகுறியா?

மிகைவிழிப்பைக் குறியிடும்போது ஊரைப் பாருங்கள். காட்டோரக் கிராமத்தில் யானை வரும் காலத்தில் வெடியும் டோர்ச்சும் வைத்துக்கொண்டு வயலில் விழித்திருக்கும் கமக்காரரிடம் “இரவில் உறங்குகிறீர்களா?” என்று கேட்டால் இல்லை என்பார். அது நோயல்ல, காவல். கண்ணிவெடி அகற்றும் பணி நடக்கும் ஓரத்தில் கால் வைக்க அஞ்சுவதும் அறிவான அச்சம். தேடிவந்து விசாரிக்கப்படுபவர் படலைச் சத்தத்துக்குத் திடுக்கிட்டால், ஆபத்து உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். ஆபத்து விலகிய இடத்திலும் அளவுக்கு மீறி நிற்பதே அறிகுறி. பிள்ளை கொளுத்திய ஈர்க்கு வாணத்துக்கு நிலத்தில் படுத்துவிடுவது, உறவினர் வீட்டிலும் கதவோரத்தில்தான் உறங்குவது போன்றவற்றைத் தேடுங்கள்.

அன்றாட வாழ்வு கெட்டிருக்க வேண்டும் என்பதை ஐ.சி.டி.-11 கட்டாயமாக்குகிறது, டி.எஸ்.எம்.-5 வேதனை அல்லது பாதிப்பு இரண்டில் ஒன்று போதும் என்கிறது. விடிய எழுந்து இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்ணைப் பார்த்து ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் திருமண வீட்டுக்குப் போய் எத்தனை காலம் ஆயிற்று, யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார் என்றும் கேளுங்கள்.

ஏழாம் படி: மூவரை வைத்துப் பழகுங்கள்

இம்மூவரும் பயிற்சிக்காக உருவாக்கிய கற்பனை மனிதர்கள்.

முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த ஐயா. பொக்கணையில் தமையனின் இறப்பைக் கண்டவர். நினைவுகள் நாள்தோறும் வருகின்றன, ஆனால் கடந்தவையாகவே வருகின்றன. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். தான்தான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன் என்ற குற்ற உணர்வு, எதிலும் பற்றின்மை, எரிச்சல், உறக்கக் கேடு உண்டு. திடுக்கிடலோ உஷாரோ இல்லை. டி.எஸ்.எம்.-5 இன்படி நான்கு தொகுதிகளும் நிறைவேறுகின்றன: பி.ரி.எஸ்.டி. ஐ.சி.டி.-11 இன்படி முதல் தொகுதியும் மூன்றாம் தொகுதியும் இல்லை: பி.ரி.எஸ்.டி. அல்ல, மனச்சோர்வைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் சிறுமியாக 2009 ஐக் கடந்து இன்று ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஷெல் விழுந்த கணத்தையே காட்டும் கனவு, கடற்கரைப் பக்கம் போகாமை, திடுக்கிடல், பின்னால் யாரோ நிற்பதாக ஓயாத உஷார். வேலைக்கு விடுப்பு கூடுகிறது. மற்றபடி தோழிகளுடன் சிரிக்கிறார், தன்னைக் குறைசொல்வதில்லை. ஐ.சி.டி.-11 இன்படி பி.ரி.எஸ்.டி. டி.எஸ்.எம்.-5 இன்படி மூன்றாம் தொகுதியில் இரண்டு கிடைக்கவில்லை, நிபந்தனை நிறைவேறவில்லை. உதவி வேண்டுமா என்றால், சந்தேகமின்றி வேண்டும்.

மூன்றாமவர் ஒரு தாய். மூத்த மகன் தண்ணீருக்குப் போன இடத்தில் கண்முன் இறந்தான். அனுப்பியது தான் என்பது நீங்காத வேதனை. கருகும் வாடையில் பங்கருக்கே போய்விடுகிறார். அதனால் அடுப்படிப் பக்கம் போவதையே தவிர்க்கிறார், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார். ஆத்திரம் வந்தால் பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு அழுகிறார். தான் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்கிறார். சகோதரிகளுடனும் பேச்சில்லை. டி.எஸ்.எம்.-5 இல் பி.ரி.எஸ்.டி.; ஐ.சி.டி.-11 இல் சிக்கலான பி.ரி.எஸ்.டி.

என் கருத்தைச் சொல்கிறேன். பெயரிடுவதற்கு ஐ.சி.டி.-11 எளிது, கேள்விகள் குறைவு, களைத்துப்போன மனிதரை அதிகம் தொல்லைப்படுத்தாது. ஆனால் வன்னியில் மிகப் பாரமாக இருப்பது குற்ற உணர்வு. யாரை விட்டுவிட்டு வந்தோம், யாரை அனுப்பினோம், யாருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்பவை. டி.எஸ்.எம்.-5 இன் மூன்றாம் தொகுதிதான் அதை நேரடியாகக் கேட்கிறது. ஆகவே எந்த நூலின்படி எழுதினாலும் அந்த ஏழு கேள்விகளைக் கைவிடாதீர்கள்.

எட்டாம் படி: காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்

இங்கே எல்லா நூல்களும் தடுமாறுகின்றன. நீடித்த துயர நோய் என்று ஐ.சி.டி.-11 இலும் (6பி42) டி.எஸ்.எம்.-5 இன் 2022 திருத்தத்திலும் ஒன்று உண்டு. முன்னது குறைந்தது ஆறு மாதம் என்கிறது. பின்னது வயதுவந்தோருக்குப் பன்னிரண்டு மாதம். இரண்டுமே ஒரு மரணத்திலிருந்து தொடங்குகின்றன. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு மரணம் என்ற தொடக்கப் புள்ளியே இல்லை. நீடித்த துயரம் என்று எழுதுவது, அவர்கள் ஏற்க மறுக்கும் ஒரு முடிவை நம் பேனாவால் எழுதுவதாகிவிடும். பிள்ளைக்கு ஒரு தட்டு சோறு எடுத்துவைப்பதை ‘மரணத்தை ஏற்க மறுத்தல்’ என்று குறியிடாதீர்கள். உளவியலாளர் போலின் போஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். நோய் ஆளிடம் இல்லை, சூழ்நிலையில் இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. அவர்களுக்கும் பி.ரி.எஸ்.டி.யோ மனச்சோர்வோ தனியாக இருக்கலாம். அதைத் தனியாகப் பாருங்கள்.

இதனுடன் சேர்ந்த இன்னொன்று. இரண்டு நூல்களும் தனி ஆளை அளப்பவை. வன்னியில் சிதைந்தது குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும்தான் என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்ற பெயரில் எழுதியிருக்கிறார். அதற்குக் கொப்பியில் கட்டம் கிடையாது. கீழே ஒரு பத்தி எழுதுங்கள்.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் கதையைக் கேட்டு அஞ்சுவது எந்த நூலின் வாசலையும் எளிதில் கடப்பதில்லை. பி.ரி.எஸ்.டி. என்று அவர்களுக்கு அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

ஒன்பதாம் படி: வினாக்கொத்தின் புள்ளிகளை வாசிப்பது

பி.சி.எல்.-5 என்பது டி.எஸ்.எம்.-5 இன் இருபது அறிகுறிகளுக்கு 0 முதல் 4 வரை புள்ளியிடுவது, மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33 வரையான புள்ளியை எல்லையாகக் கொள்வார்கள். ஐ.சி.டி.-11 க்கான ஐ.ரி.க்யூ. என்ற வினாக்கொத்தில் 18 கேள்விகள். ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்து பழைய டி.எஸ்.எம். அறிகுறிகளின்மேல் கட்டப்பட்டது, அதில் எல்லை சராசரி 2.5. ஒன்றின் புள்ளியை மற்றொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. இவை யாவும் சல்லடைகள். நேர்முக மதிப்பீட்டுக்கு மாற்றல்ல.

2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தி, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில் பி.ரி.எஸ்.டி.யை அளக்க இந்த ஹார்வர்ட் வினாக்கொத்துதான் பயன்பட்டது. பி.ரி.எஸ்.டி. 7.0 சதவீதம், மனச்சோர்வு 22.2, பதகளிப்பு 32.6 என்று கண்டார்கள். அப்போதும் இடம்பெயர்ந்திருந்தோரிடம் மூன்றும் அதைவிடக் கூடுதல். பி.ரி.எஸ்.டி.யை மட்டும் தேடிப் போனால் அதைவிடப் பெரிய கூட்டத்தைக் கடந்துபோய்விடுவோம் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

பத்தாம் படி: அனுப்பும் கடிதம்

கடிதத்தில் ‘இவருக்கு பி.ரி.எஸ்.டி.’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: நிகழ்வு ஒரு வரியில், எந்த நூலின் எந்தத் தொகுதிகள் நிறைவேறுகின்றன, எவை இல்லை, எப்போது தொடங்கியது, அன்றாடத்தில் எது கெட்டிருக்கிறது, குடி, தலைக்காயம், வேறு நோய், உட்கொள்ளும் மாத்திரைகள், தற்கொலை எண்ணம் கேட்டீர்களா, பதில் என்ன, இப்போதும் தொடரும் ஆபத்து உண்டா, அவர் தாமே முதன்மையாகக் கேட்கும் உதவி எது. பாலியல் வன்முறை என்றால் விவரம் வேண்டாம். அவர் சம்மதித்த அளவே எழுதுங்கள், கடிதத்தை ஒட்டி அவர் கையிலேயே கொடுங்கள்.

இரு நூல்களிலும் ஒரு நிபந்தனை குறைந்து நிற்பவரின் கடிதத்தையும் இதே முறையில் எழுதி அனுப்புங்கள். மனவடுவை மையப்படுத்திய உளச்சிகிச்சைகளும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மருந்துகளும், உறக்கத்தைச் சீர்செய்வதும், குடும்பத்தைச் சேர்த்து உட்காரவைப்பதும் அவருக்கும் பயன்படக்கூடும். அதைத் தீர்மானிக்கும் மருத்துவருக்கு வேண்டியது உங்கள் கொப்பியின் அந்த இரண்டு பக்கங்கள். ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் நாளுக்கு அவர் போனாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.